பித்தளைப் பட்டை பெயர்வது பற்றி

வணக்கம். லேத்தில் கடைந்து செய்யும் மேப்பிள் மரப் பேனாவில் பதித்த பித்தளைப் பட்டை உப்புத்தாள் போடும்போது பெயர்கிறது, மரமும் கறுக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

பெயர்வது சூட்டால். பித்தளை சட்டென்று சூடேறும். சூப்பர் க்ளூ அந்தச் சூட்டில் பிடியை விட்டுவிடும். எபாக்ஸிக்கு (இரண்டு பகுதிகளைக் கலந்து ஒட்டும் பசை) மாறுங்கள். ஐந்து நிமிட ரகம் வேண்டாம், மெதுவாக இறுகுவதாகப் பாருங்கள். ஒட்டுவதற்கு முன் பட்டையின் இரு பக்கத்தையும் 120 எண் உப்புத்தாளால் கீறி, அசிட்டோனால் துடையுங்கள். அப்புறம் விரல் படக் கூடாது. கிளாம்பை ரொம்ப முறுக்கினால் பசையெல்லாம் வெளியே பிதுங்கிவிடும். ஓர் இரவாவது விட்டு, பிறகு கட்டையில் பேனாக் குழாய்க்கான துளை போடுங்கள்.

கறுப்பு, பித்தளைத் தூள்தான். மேப்பிளின் நுண்துளைகளில் போய் அடைகிறது. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் இன்னும் மோசம். உளியாலேயே முடிந்தவரை வழவழப்பாக்கி, மெல்லிய சூப்பர் க்ளூ ஒரு பூச்சு கொடுத்து மரத்தை அடைத்துவிடுங்கள் (அதற்கு இங்கேதான் வேலை). கடைசித் தேய்ப்பு லேத்தை நிறுத்தி, நீளவாக்கில். தூளைத் துணியால் துடைக்காமல் ஊதித் தள்ளுங்கள்.

இப்போது கையில் இருக்கும் பேனாவில் இன்னும் தடிமன் மிச்சமிருந்தால், கூரான உளியால் மெல்லிய சீவல் ஒன்று எடுத்துப் பாருங்கள். புஷிங் (பேனாவின் முடிவு அளவைக் காட்டும் உலோக வளையம்) அளவுக்கு வந்துவிட்டதென்றால் வேறு கட்டையை எடுப்பதே நல்லது.