நாடு தற்சார்பு அடைய இளைஞர்கள் என்ன செய்யலாம்?

கோவையில் கியர், ஷாஃப்ட் வெட்டிக் கொடுக்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். என்னோடு சேர்த்து ஆறு பேர். எனக்குத் தெரிந்த வேலையை வைத்தே பதில் சொல்கிறேன். ஒரு பொருள் வெளியிலிருந்து வராமல் போனால் நம் வேலை எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்த இடத்தில் கை வைக்கத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும். அதுதான் முதல் தேவை.

போன வருடம் ஒரு நூல் மில்லிலிருந்து உடைந்த கியர் ஒன்று வந்தது. இங்கிலாந்தில் செய்த பழைய மிஷினுடையது. புதுசு வர ஏழு வாரம் ஆகும் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டாராம். எங்களிடம் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்த பையன் இருக்கிறான், பத்தொன்பது வயது. கியரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அண்ணா, இதை நாமளே வெட்டிக் குடுத்தறலாமுங்களா?" என்றான்.

கியரில் 38 பல். பல்லின் அளவை மில்லிமீட்டர் கணக்கில் சொல்வது மாட்யூல். 2.5 மாட்யூல் என்றால் வெளிவிட்டம் 100 மில்லிமீட்டர் வரவேண்டும். வெர்னியரில் 101.6 காட்டியது. பல்லைக் கொஞ்சம் உயரமாக வெட்டியிருப்பார்கள் என்று நினைத்து நான் 2.5லேயே வெட்டச் சொன்னேன். மாட்டி ஓட்டிய அன்றே ஒரே இரைச்சல், எண்ணெயில் இரும்புப் பொடி. கழற்றி எடுத்துவந்தோம். இரவு எல்லாரும் கிளம்பிய பிறகும் அவன் அந்தப் பழைய கியரோடு உட்கார்ந்திருந்தான். ஒன்பது மணிக்கு எனக்கு போன்: "அண்ணா, 101.6னா சரியா நாலு இஞ்ச். இது மாட்யூலே இல்லீங்க, 10 டி.பி." டி.பி. என்றால் பல்லின் அளவை இஞ்ச் கணக்கில் சொல்வது. அப்படி வெட்டிய கியர் அது. அதற்கான கட்டரைத் தேடிப் பிடித்து ஈ.என். 24 இரும்பில் மறுபடி வெட்டினோம். இன்று வரை ஓடுகிறது. தப்புச் சொன்னது நான், கண்டுபிடித்தது அவன். அந்தப் பையனை நினைத்தால் எனக்கு அவ்வளவு பெருமை.

இந்த ஊர் வளர்ந்ததே இப்படித்தான். 1932ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. மிஷின்கள் சீமையிலிருந்து வந்தன, அவற்றைப் பழுது பார்க்கப் பட்டறைகள் உண்டாயின. ஆழக் கிணற்றில் தண்ணீர் இறைக்க விவசாயிக்கு பம்ப் தேவைப்பட்டது. 1937ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேயே மின் மோட்டார் செய்தார்கள். ஜி.டி. நாயுடு பள்ளிப்படிப்பை முடித்தவர் இல்லை. ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைக் கழற்றிப் பூட்டித் தொழில் கற்றவர்.

பெரிய அளவிலும் அதே கதைதான். மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடும் ராக்கெட் எஞ்சின்தான் கிரையோஜெனிக் எஞ்சின். 1993ல் அதன் தொழில்நுட்பம் நமக்குக் கிடைக்காமல் அமெரிக்கா தடுத்தது. நாமே செய்த எஞ்சின் 2010ல் பறந்தபோது தோற்றது. மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ மையத்தில் திரும்பத் திரும்பச் சோதித்து, 2014 ஜனவரி 5ல் ஜெயித்தோம். நடுவில் கைவிட்டிருந்தால் எதுவும் கிடைத்திருக்காது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? உள்நாட்டுப் பொருள் வாங்குவது நல்லதுதான், அது எல்லாரும் சொல்வது. அதைவிட, ஒரு தொழிலை அடிவரை கற்றுக்கொள்ளுங்கள். ஐ.டி.ஐ. என்றால் மட்டம் என்று வீட்டில் சொன்னால் நம்பாதீர்கள். நல்ல டர்னர், நல்ல வெல்டர் கிடைக்காமல்தான் எங்கள் பகுதியில் ஆர்டர் தள்ளிப்போகிறது. முடித்தவர்கள் அப்ரண்டிஸாகச் சேருங்கள், உதவித்தொகையோடு கற்கலாம். எஞ்சினியரிங் படிக்கும் தம்பி தங்கைகள் சனிக்கிழமையில் பக்கத்துப் பட்டறைக்குப் போய் நில்லுங்கள். மைக்ரோமீட்டரை உங்கள் கையால் பிடித்து, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு எவ்வளவு என்று விரலுக்குப் பழக்குங்கள். இரண்டு மாதத்தில் டிராயிங் படிக்க வந்துவிடும்.

எலெக்ட்ரானிக்ஸ் படிப்பவர்களிடம் இன்னொன்று கேட்க வேண்டும். கம்ப்யூட்டர் கட்டளைப்படி வெட்டும் எங்கள் சி.என்.சி. லேத்தின் உடம்பு இந்தியாவில் வார்த்தது. ஆனால் அதன் மூளையான கன்ட்ரோலர் ஜப்பானில் இருந்து வந்தது. அதில் ஒரு எலெக்ட்ரானிக் கார்டு போனால் லேத் நின்றுவிடும், நாங்களும் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். கியர் என்றால் எங்கள் பையன் அளந்து பார்த்து வெட்டிவிடுவான். அந்தக் கார்டைத் திறந்து சரிசெய்ய, நாளைக்கு அதையே இங்கே செய்ய, உங்களில் யாராவது வரவேண்டும். போன மாதம் கெட்டுப்போன கார்டு ஒன்று எங்கள் மேசை டிராயரில்தான் கிடக்கிறது. கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு யார் வந்தாலும் அதைக் கையில் கொடுத்துவிடுவேன்.