அந்தப் பச்சைக் கல் விண்கல் அல்ல

கேள்வி: 'மோல்டவைட்' என்று ஒரு பச்சைக் கல். விண்ணிலிருந்து விழுந்ததாம், அணிந்தால் சில வாரங்களில் வாழ்க்கையே மாறிவிடுமாம். சீட்டுப் பணத்தை எடுத்து ஒன்று வாங்கி மோதிரத்தில் பதிக்கலாமா? – வாசகர், கரூர்

பதில்: சீட்டுப் பணத்தைத் தொடாதீர்கள்.

அது விண்கல்லே இல்லை, பூமியின் மணல். சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய தெற்கு ஜெர்மனியில் ஒரு சிறுகோள் வந்து மோதியது. அது தோண்டிய 24 கி.மீ. அகலப் பள்ளத்துக்கு ரீஸ் என்று பெயர். நோர்ட்லிங்கன் என்ற ஊரே அந்தப் பள்ளத்துக்குள்தான் இருக்கிறது. ஊரின் பெரிய தேவாலயத்தைக் கட்டியதும் அந்த மோதலில் உருவான பாறையால்தான். 1970இல், நிலவுக்குப் போகவிருந்த அப்போலோ 14 வீரர்களுக்கு அங்கே வைத்தும் பாறைகளை அடையாளம் காணும் பயிற்சி கொடுத்தார்கள். மோதிய கணத்தில் மேற்பரப்பு மணல் உருகித் தெறித்து, பறக்கும்போதே குளிர்ந்து கண்ணாடியாகி, இன்றைய செக் நாட்டில் போய் விழுந்தது. அதுதான் மோல்டவைட். மேலே காணும் குழிகளும் வரிகளும் பெரும்பாலும் மண்ணுக்குள் கிடந்த காலத்தில் ஈரம் அரித்தவை. 1786இல் பிராக் பேராசிரியர் யோசெஃப் மேயர் இதைப் பற்றிப் பேசியபோது அவருக்கே இது என்னவென்று சரியாகத் தெரியவில்லை. பள்ளத்துக்கும் கல்லுக்கும் ஒரே வயது என்று 1960களில் அளந்த பிறகுதான் விஷயம் தெளிந்தது. இவ்வளவு பெரிய கதையை விட்டுவிட்டு 'சக்தி' என்று விற்கிறார்களே என்பதுதான் என் ஆற்றாமை.

நம்பிக்கைகள் இல்லாமல் இல்லை. ஆஸ்திரியாவின் வில்லன்டார்ஃபில் கற்கால மனிதர்கள் தங்கிய இடத்திலேயே இதன் சில்லுகள் கிடைத்திருக்கின்றன. அவர்களுக்கும் இது பிடித்திருக்கிறது. ஆனால் சொர்க்கத்திலிருந்து தள்ளப்பட்ட தேவதூதன் லூசிஃபரின் கிரீடத்திலிருந்து விழுந்த கல் இதுதான் என்பது பழைய ஐரோப்பியக் கதையில் பிற்காலத்தவர் ஒட்டவைத்தது. நம் நவரத்தினங்களிலும் இதற்கு இடமில்லை. ஆகவே 'புதனுக்குப் பரிகாரம்' என்று யாராவது சொன்னால் அது சொந்தச் சரக்கு.

அப்புறம் மோதிரம். கண்ணாடிதானே, கடினம் பத்துக்கு ஐந்தரைதான். தெருப் புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் ஏழு. தினமும் கையில் போட்டால் சீக்கிரமே கீறி மங்கிவிடும். பதக்கம் என்றால் தாங்கும்.

2020க்குப் பிறகு சமூக ஊடகப் பரபரப்பில் விலை ஏறியது, போலியும் பெருகியது. அச்சில் வார்த்த பச்சைக் கண்ணாடி ஈரம் பட்டதுபோல் பளபளக்கும். ஒரே வடிவத்தில் பல துண்டுகள் இருக்கும். குமிழி இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், பாட்டில் கண்ணாடியிலும் குமிழி உண்டு. நிஜக் கல்லை லென்ஸில் பார்த்தால் புழு நெளிவதுபோன்ற தெளிந்த இழைகள் தெரியும். அவை முழுக்க உருகிய குவார்ட்ஸ். சாதாரணக் கண்ணாடி உலையின் சூட்டில் அப்படி வராது. ஆசை விடவில்லை என்றால் கைக்காசில் சின்னத் துண்டாக, இரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழோடு வாங்குங்கள். சான்றிதழ் தர மறுப்பவரிடம் பேரம் பேசவே வேண்டாம்.