மைட்டோகாண்ட்ரியா புரதத் தயாரிப்பைப் பிழையின்றித் தொடங்குவது எப்படி?

புரதச் சங்கிலியின் முதல் கண்ணியான அமினோ அமிலத்தை, செய்முறைக் குறிப்பை ஏந்திவரும் செய்தி ஆர்.என்.ஏ.வின் சரியான எழுத்தில் பொருத்துவதே 'தொடக்கம்' எனப்படுகிறது. எழுத்துகள் மும்மூன்றாகப் படிக்கப்படுவதால், ஓர் எழுத்து தள்ளித் தொடங்கினாலும் புரதம் முழுவதும் பிழையாகிவிடும்.

முதல் அமினோ அமிலம் மெத்தியோனின். செல்லின் பொது அறையான சைட்டோபிளாசத்தில் தொடக்கத்துக்கென்று தனியாக ஒரு மெத்தியோனின் சுமப்பி (அமினோ அமிலத்தை ஏந்திவரும் ஆர்.என்.ஏ.) உண்டு. செல்லுக்கு ஆற்றல் தரும் உள்ளறையான மனித மைட்டோகாண்ட்ரியாவிலோ தொடக்கத்துக்கும் இடைப்பகுதிக்கும் ஒரே வகைச் சுமப்பிதான். இந்தச் சிக்கனத்தால் வரும் குழப்பத்தை ஃபார்மைல் என்னும் சிறு வேதிக்குறி தீர்க்கிறது. ஒரு பக்கம் மட்டும் கொக்கியுள்ள ரயில் பெட்டி வரிசையின் நுனியில்தான் நிற்க முடியும் அல்லவா? அதுபோல, மெத்தியோனினின் ஒரு முனையை ஃபார்மைல் அடைத்துவிடுவதால் அது சங்கிலியின் முதலிடத்துக்கே உரியதாகிறது.

குறியிட்ட சுமப்பியை எம்டிஐஎஃப்2 என்னும் புரதம் தேர்ந்தெடுத்து, புரதத்தைக் கோக்கும் இயந்திரமான ரைபோசோமில் அமர்த்துகிறது. ரைபோசோமின் இரு துண்டுகளும் அவசரப்பட்டு ஒட்டிக்கொள்ளாமல் எம்டிஐஎஃப்3 தடுக்கிறது. குறியிடும் நொதியின் மரபணு பழுதானால் லே நோய்க்குறி என்னும் கடும் நரம்புக் கோளாறு உண்டாகலாம் என்பதிலிருந்தே இக்குறியின் முக்கியத்துவம் விளங்கும்.

மைட்டோகாண்ட்ரியா தன் புரதங்கள் அனைத்தையும் தானே தயாரிப்பதாகப் பலர் கருதுகின்றனர். உண்மையில் மனித மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. 13 புரதங்களுக்கு மட்டுமே குறிப்பு வைத்திருக்கிறது, மற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டவை வெளியே தயாராகி உள்ளே வருகின்றன.