மூன்றாம் காலத்தில் மூளும் கோபம்

கேள்வி: எனக்கு வயது 41. பள்ளி நாட்களில் மிருதங்கம் கற்றேன், பாதியில் நின்றுபோனது. ஒரு வருடமாக மீண்டும் வகுப்புக்குப் போகிறேன். வீட்டில் சாதகம் (பயிற்சி) செய்யும்போது முதல் இரண்டு காலமும், அதாவது முதல் இரண்டு வேகமும், நன்றாகப் போகின்றன. இன்னும் விரைவான மூன்றாம் காலத்தில் ஒரு சொல், அதாவது ஓர் அடி, தவறினால் போதும், எங்கிருந்தோ கோபம் வந்துவிடுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடிக்கிறேன். சில நாட்களில் வாசித்து முடித்ததும் அழுகை வருகிறது. ‘மனதைக் கவனித்துக்கொண்டே வாசியுங்கள்’ என்று ஒருவர் சொன்னதால் விரல்களையே கவனித்து வாசித்தேன். தடுமாற்றம் கூடியதுதான் மிச்சம். இது மனநோயா? மிருதங்கத்தை விட்டுவிட வேண்டுமா சார்?

மனநல மருத்துவர் பதில்: விட வேண்டாம் அம்மா. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது நோயாகத் தெரியவில்லை. ஆனால் கோபத்தை அடக்கிக்கொண்டு வாசித்தாலும் சரி, அதை மிருதங்கத்தின் மேல் கொட்டினாலும் சரி, கைதான் கெடும். அது ஏன் என்று சொல்கிறேன்.

கோபம் வந்தால் நாடி வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தோள் காதை நோக்கி ஏறுகிறது. முன்கையில் விரலை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இறுகிக்கொள்கின்றன. இப்போது ‘நம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மோதிர விரல் கரணையின் (நடுவில் பூசிய கருப்பு வட்டத்தின்) ஓரத்தை லேசாகத் தொட்டிருக்க, ஆள்காட்டி விரல் வலந்தலையின் (வலப்பக்க முகத்தின்) விளிம்பில் பட்டவுடன் விலகிவிட வேண்டும். இறுகிய கையில் அந்த விரல் ஒரு கணம் தோலிலேயே தங்கிவிடுகிறது. மோதிர விரலும் அழுத்துகிறது. கரணை பூசிய தோலில் எழும் மேற்சுரங்கள் ஒன்றுக்கொன்று இசைவாக அமைவதை சி.வி. ராமன் 1920இல் எடுத்துக்காட்டினார். தோல் தடையின்றி அதிர்ந்தால்தான் அந்த இசைவு காதுக்கு எட்டும். நீங்கள் ஓங்கி அடிக்கும்போது நாதம் அமுங்குகிறது. போதவில்லை என்று இன்னும் ஓங்குகிறீர்கள். கை மேலும் இறுகுகிறது.

மனதைக் கவனிக்கச் சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் 1979இல் இதை ஒரு பயிற்சித் திட்டமாகவே தொடங்கினார். இந்த நொடியில் நடப்பதை நல்லது, கெட்டது என்று தீர்ப்பெழுதாமல் கவனிப்பதே அதன் சாரம். ஆனால் விரைந்து வாசிக்கும் விரல்களைக் கவனத்துக்கு உரிய இடமாக்கியது பொருந்தவில்லை. பழகிய அசைவுகளை மூளை தானாகவே நடத்துகிறது. நடுவில் புகுந்து ஒவ்வொரு விரலையும் மேற்பார்வை பார்த்தால் ஓட்டம் அறுபடும். காப்ரியேல வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1998இல் பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் இதைச் சோதித்தார்கள். தங்கள் பாதத்தைக் கவனித்தவர்களைவிட, கருவியின் சக்கரங்களைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். பிறகு வேறு பல திறன்களிலும் இதே போக்கைப் பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே விரலை விட்டுவிட்டு நாதத்தைக் கேளுங்கள். ‘நம்’ எவ்வளவு நேரம் நின்று ஒலிக்கிறது, இடப்பக்கத் தொப்பியில் ‘தொம்’ திறந்து கேட்கிறதா என்று காதைக் கொடுங்கள். உங்கள் மனநிலை முகத்தில் தெரிவதற்கு முன்பே நாதத்தில் தெரிந்துவிடும். வாசிப்பின் வேக அளவான காலப்பிரமாணமும் அப்படித்தான். பதற்றத்தில் அது ஓடும். ஓடுகிறது என்று காது சொன்னால், உள்ளே ஏதோ கிளம்பிவிட்டது என்று பொருள்.

சொற்கட்டை, அதாவது வாசிக்கும் சொற்களின் கோவையை, வாயால் சொல்லிக்கொண்டே வாசிப்பது இன்னொரு நல்ல வழி. கடினமான இடம் வந்தால் பலரும் தங்களை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். ‘த தி தொம் நம்’ என்று வாய் ஒலிக்கும்போது மூச்சு வெளியேறித்தானே ஆக வேண்டும்? பல்லைக் கடிக்கவும் வழியில்லை.

தவறு நேர்ந்தால் அந்த ஆவர்த்தனத்தை (தாளத்தின் ஒரு சுற்றை) முடித்துவிட்டு இரண்டு கைகளையும் மடியில் வையுங்கள். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். பிறகு, வந்திருப்பது என்ன என்று மனதுக்குள் பெயர் சொல்லிப் பாருங்கள். உணர்வுக்குப் பெயர் சூட்டும்போது மூளையில் அச்சத்தோடும் பதற்றத்தோடும் தொடர்புடைய அமிக்டலா பகுதியின் துடிப்பு தணிவது 2007இல் வெளியான ஆய்வு ஒன்றில் தெரியவந்தது. அவசரப்பட்டு ‘கோபம்’ என்று முத்திரை குத்திவிட வேண்டாம். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் அடியில் இருப்பது வெட்கமாக இருக்கலாம், பயமாக இருக்கலாம். அதன் பிறகு இரண்டாம் காலத்திலிருந்து மறுபடியும் எடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ‘பாதியில் நின்றுபோனது’ என்ற வரி. ஏன் நின்றது? வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்ட திட்டா, வீட்டில் யாராவது போதும் என்று சொன்னார்களா, இல்லை, வெறும் பரீட்சைச் சுமையா? எனக்குத் தெரியாது; நீங்கள்தான் சொல்ல முடியும். சிறுவயதில் கேட்ட அதே ஒலி, அதே உட்கார்ந்த நிலை, அதே இடத்தில் தவறு. அன்றைக்குக் காட்ட முடியாத உணர்வு இன்றைக்கு மேலே வருவதில் வியப்பில்லை. அழுகை வந்தால் அழுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் அந்தப் பழைய கதையைச் சொல்லுங்கள். இப்போது கற்பிக்கும் ஆசிரியரிடமும் மூன்றாம் காலத்தில் நடப்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வேகத்தை எப்படிக் கூட்டலாம் என்று அவர் வழி வைத்திருப்பார்.

பசியோடும் அலுப்போடும் இரவில் நெடுநேரம் உட்கார வேண்டாம்.

சாதகம் இல்லாத நேரத்திலும் அழுகை தொடர்ந்தால், தூக்கம் கெட்டால், பிடித்ததில் எல்லாம் ஆர்வம் போய் இரண்டு வாரம் கடந்தால் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே உதவி கேளுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம். இரவில் விரல்கள் மரத்துப்போனாலோ, வலியே இல்லாமல் ஒரு விரல் மட்டும் வாசிக்கும்போது சொல்பேச்சுக் கேளாமல் மடங்கினாலோ அது நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். அதை மனதின் கணக்கில் எழுதித் தள்ளிப்போடாதீர்கள்.