ஐபிவி4 (பழைய இணைய முகவரி முறை) ஃபயர்வால் இருந்தால் ஐபிவி6-க்கும் (புதிய முறை) போதுமா, எப்படிச் சோதிப்பது?

கிருஷ்ணகிரியில் உங்கள் சின்ன அலுவலகத்துக்கு அது போதாது. பல கருவிகளில் ஐபிவி6 விதிகளைத் தனியாக எழுத வேண்டும். உள் கருவிகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் என்ஏடி (NAT) தரும் மறைப்பும் ஐபிவி6-இல் பொதுவாக இருக்காது.

உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அப்புறம் ஐபிவி6 கிடைக்கும் மொபைல் டேட்டாவில் இணைந்து, அலுவலகக் கணினிகளின் முகவரிகளை என்மேப் (திறந்த போர்ட்டுகளைத் தேடும் ஸ்கேன் மென்பொருள்) கட்டளையில் ‘-6’ சேர்த்துத் தட்டிப் பாருங்கள். வரம்பு முழுவதையும் ஸ்கேன் செய்ய நினைக்காதீர்கள்: ஒரு /64 சப்நெட்டில் (ஐபிவி6-இல் வழக்கமான ஒரு நெட்வொர்க் அளவு) சுமார் 1.84 லட்சம் கோடி கோடி முகவரிகள், ஆயுசு போதாது. அலுவலக நெட்வொர்க்கின் உள்ளிருந்து எஃப்எஃப்02::1-க்கு (அங்குள்ள எல்லாக் கருவிகளுக்குமான பொது முகவரி) பிங் அனுப்பினால் லினக்ஸ் கருவிகள் பல தாமே பதில் சொல்லும். விண்டோஸ் பெரும்பாலும் வாய் திறக்காது. அதற்கு ரூட்டரின் நெய்பர் டேபிளை (அது அறிந்த பக்கத்துக் கருவிகளின் பட்டியல்) பாருங்கள்.

‘நான்தான் ரூட்டர்’ என்று பொய்யாக அறிவித்துப் பார்க்கும் போலி ரூட்டர் அறிவிப்புச் சோதனையை மட்டும் வேலை நேரத்தில் வேண்டாம். எல்லார் இணையமும் படுத்துவிடும், திட்டு உங்களுக்கு. சுவிட்சில் ஆர்ஏ கார்டு (RA Guard, போலி ரூட்டர் அறிவிப்பைத் தடுக்கும் வசதி) சரியாக இருந்தால் அந்த அறிவிப்பு அங்கேயே நிற்கும்.