கத்தரிக்கோல் பிடித்த கை விரிய மறுத்தால்

கேள்வி: என்ரை கணவருக்கு 41 வயது. தையல் கடை வைத்திருக்கிறார். மயோடோனிக் டிஸ்ட்ரோபி என்று வைத்தியர் சொல்லி மூன்று வருடம். கத்தரிக்கோலைப் பிடித்தால் விரல்கள் உடனே விரியாது. தன்ரை சட்டைத் தெறி பூட்டவும் கஷ்டம். ஆரோ சொன்னதைக் கேட்டு இறப்பர்ப் பந்தை நாள் முழுக்க அமத்துகிறார். இரவில் சோறு குழைக்கவும் கை வராது. கடையை மூடச் சொல்லட்டோ?
– வாசகி, சுன்னாகம்

பதில்: வேண்டாம் தங்கச்சி. மூட்டை கட்ட வேண்டியது அந்தப் பந்தை.

இந்த நோயில் தசை மெலிந்து பலம் குறையும். இறுக்கிய தசை தளரவும் பிந்தும். நாள் முழுக்கப் பந்தை அமத்தினால் மெலிந்த தசைதான் களைக்கும். அன்றாட வேலைகளைத் தாங்களே செய்ய நோயாளரைப் பழக்குகிற தொழில்வழிச் சிகிச்சையாளராக வந்த புதிதில் நானே ஒரு பொடியனுக்குக் கடினமான பந்தைக் கொடுத்தேன். இரண்டு நாள் அவனுக்குத் தேத்தண்ணிக் கோப்பை தூக்க ஏலவில்லை. தாய் ஒன்றும் சொல்லாமல் பருக்கிவிட்டா. அதற்குப் பிறகு நான் எவருக்கும் பந்து கொடுத்ததில்லை.

பயிற்சியே கூடாதென்றில்லை. சுவீடனில் இந்த நோயுள்ள 35 பேரை வைத்து, சிலிக்கோன் களியால் கிழமைக்கு மூன்று நாளாக 12 கிழமை பயிற்சி கொடுத்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். மணிக்கட்டின் பலம் கூடியது. அன்றாட வேலை முன்னையைவிடச் சரிவருகிறதென்று அவர்களே சொன்னார்கள். களி கிடைக்காவிட்டால் றொட்டிக்குக் குழைத்த மாவைப் பிசையட்டும், கிள்ளட்டும், விரல்களால் விரிக்கட்டும். ஒருநாள் விட்டு ஒருநாள். மறுநாளும் சோர்வு நின்றால் பாதியாக்குங்கோ.

துணி வெட்ட முன் கையை மெல்லப் பத்துத் தரம் பொத்தி விரித்தால் இறுக்கம் இளகும். வெட்டு வேலையைக் காலையிலேயே முடிக்கட்டும். ஸ்பிரிங் வைத்த, தானாக விரியும் கத்தரிக்கோல் வாங்குங்கோ. தெறிக்கு, சைக்கிள் கம்பியை வளைத்து மரப்பிடி போட்ட கொளுக்கி போதும். இல்லாட்டில் தெறியை வெளியே அழகுக்குத் தைத்து உள்ளே வெல்க்ரோ வைக்கலாம். அதை அவரைவிட நன்றாக ஆர் தைப்பார்?

நீங்கள் கேட்காத ஒன்று: இந்த நோய் இதயத்துடிப்பையும் குழப்பும். வருடத்துக்கு ஒருமுறை ஈசிஜி கட்டாயம். சத்திரசிகிச்சை வந்தால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் நோயின் பெயரை முதலே சொல்லுங்கோ.

அடுத்த கிளினிக்கில் தொழில்வழிச் சிகிச்சைக்குக் கடிதம் கேளுங்கோ. போகும்போது அவருடைய கத்தரிக்கோலையும் கொண்டு போங்கோ. அவர் அதைப் பிடிக்கிற விதத்தை நேரில் பார்த்துத்தான் பிடியை மாற்ற வேணும்.