ஆயிரம் ரூபாயில் ஒரு ரயில் பாதை

அன்புள்ள ஐயா,

மெல்பர்னில் வசிக்கிறேன். இங்கே பசுமைக் கட்சிக்கு இப்போது நாடாளுமன்றத்தில் 11 பேர்தான்: 10 செனட்டர்கள், கீழவையில் ஒருவர். ஆனால் அரசாங்கமே நடத்துவதுபோல எல்லாத் துறைகளையும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரே ஆளிடம் மூன்று, நான்கு துறைகள்கூட இருக்கின்றன. ஆட்சிக்கு வரப்போகாதவர்களுக்கு இது எதற்கு? யாருக்கு எந்தத் துறை என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? பழங்குடி மக்கள் துறையைக் கவனித்த இருவர் அடுத்தடுத்துக் கட்சியை விட்டே போனார்கள். அண்ணா மாநிலங்களவைக்குப் போனபோது அவருக்கு யார் துறை ஒதுக்கினார்கள்? பேசத் தெரிந்தவர் எதைப் பற்றியும் பேசிவிடுவார் என்றுதான் தோன்றுகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசி வரியைப் படித்ததும் கோபம் வந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன். அண்ணாவின் 1962 கன்னிப்பேச்சு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. மறு ஆண்டு ஆட்சிமொழி மசோதா வந்தபோது, ஆங்கிலம் ‘தொடரலாம்’ என்று எழுதியிருப்பது போதாது, ‘தொடர வேண்டும்’ என்று இருக்க வேண்டும் என அவரும் அவருடைய கட்சியும் மன்றாடியதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறீர்கள்? ஒரு ‘லாம்’ பின்னாளில் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாவன்மை மட்டும் இருந்தால் அது கண்ணில் படாது. மசோதாவை வரிவரியாகப் படித்தவருக்குத்தான் படும். பேசத் தெரிந்தால் போதும் என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள். நம் அரசியலை இவ்வளவு காலம் கெடுத்தது அந்த நம்பிக்கைதான்.

ஆட்சிக்கு வராதவர்களுக்குத் துறை எதற்கு என்கிறீர்கள். உங்கள் ஊர்க் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். செனட்டில் 76 இடங்கள், பெரும்பான்மைக்கு 39 வேண்டும். ஆளும் தொழிற்கட்சியிடம் 29 இருக்கின்றன. மீதிப் பத்து யாரிடம்? எதிர்க்கட்சிக் கூட்டணி எதிர்க்கும் மசோதாவோடு அமைச்சர் அந்தப் பத்துப் பேரிடம்தான் வர வேண்டியிருக்கிறது. வரும்போது அந்தத் துறையைப் படித்த ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டாமா? அரசுச் செலவுகளை ஆராயும் செனட்டின் மதிப்பீட்டுக் குழு விசாரணையில் அதிகாரிகள் மணிக்கணக்காகப் பதில் சொல்கிறார்கள். அங்கே கேள்வி கேட்பதற்கும் ஆள் வேண்டும்.

யாருக்கு எது என்பதற்கு ஒரே விதி கிடையாது. பார்பரா போக்காக் வேலைவாய்ப்பையும் உழைப்பையும் ஆய்வு செய்த பேராசிரியர். நிதி, பொதுத்துறை போன்ற பொறுப்புகள் அவரிடம் வந்தன. 2023-இல் பிடபிள்யூசி என்ற தணிக்கை, ஆலோசனை நிறுவனத்தின் வரி ரகசியக் கசிவு வெடித்தபோது அவர் விடாமல் கேட்ட கேள்விகளைத் தேடிப் பாருங்கள். ஜோர்டன் ஸ்டீல்-ஜான் சக்கர நாற்காலியில் அவைக்கு வருபவர், மாற்றுத்திறனாளிகள் துறையைப் பார்த்தவர். 2019-இல் அதற்கென ராயல் கமிஷன் என்ற உயர்மட்ட விசாரணை ஆணையம் அமைந்ததில் அவருடைய போராட்டத்துக்குப் பங்கு உண்டு. இவையெல்லாம் பொருத்தமாக அமைந்தவை. மிச்சத் துறைகளை யாராவது சுமந்துதான் ஆக வேண்டும்.

கட்சியை விட்டுப் போன இருவரைப் பற்றி: லிடியா தோர்ப் 2023 பிப்ரவரியில், பழங்குடி மக்களுக்கென ஓர் ஆலோசனை அமைப்பு வேண்டுமா என்ற ‘வாய்ஸ்’ வாக்கெடுப்பு விஷயத்தில் முரண்பட்டு விலகினார். அவருக்குப் பின் அந்தப் பொறுப்பை ஏற்ற டொரிண்டா காக்ஸ் 2025 ஜூனில் தொழிற்கட்சியில் சேர்ந்தார். அது தனிக் கதை. துறை ஒதுக்கீட்டின் தலையில் அந்தப் பழியைக் கட்டாதீர்கள்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நான் ஒரு மனிதரை நினைத்துக்கொண்டிருந்தேன். இளம் வயதில் டெல்லியில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரிடம் எழுத்தராக இருந்தேன். அவர் கட்சிக்கு மக்களவையில் மூன்றே பேர். அவர் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். கல்வியைக் கேட்டார். தலைவர் தொலைபேசியில், “நீங்க ரயில்வே பாருங்க வாத்தியாரே” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இரண்டு நாள் ஐயா யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள், அந்தக் காலத்தில் ரயில்வே பட்ஜெட்டோடு வந்த பிங்க் புக்கை, எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்று பட்டியலிடும் புத்தகத்தை, கொண்டுவரச் சொன்னார்.

மரத்தாலான அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்து, அதை நகர்த்தி நகர்த்திப் படித்தார். விடைத்தாள் திருத்துகிறவரின் கை அது. தொகையெல்லாம் ஆயிரங்களில் அச்சாகியிருக்கும். ஓரிடத்தில் கோல் நின்றது. ஒரு புதிய பாதைக்கு நேரே ‘1’ என்று மட்டும் இருந்தது. அச்சுப்பிழை என்றேன் நான். “இல்லை தம்பி, ஆயிரம் ரூபாய். திட்டம் பட்டியலில் சாகாமல் இருக்கப் போடுகிற வாய்க்கரிசி” என்றார். முந்தைய ஆண்டுப் புத்தகங்களை நூலகத்திலிருந்து எடுத்துவரச் சொன்னார். நான்கு ஆண்டுகளாக அதே ‘1’. ஒவ்வொன்றையும் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டார்.

நான் பிடிவாதமாகச் சொல்ல வருவது இதைத்தான். அவராக விரும்பியிருந்தால் ரயில்வேயைத் தொட்டிருக்கவே மாட்டார். கல்வியைப் பற்றி அழகாகப் பேசிவிட்டு ஊர் திரும்பியிருப்பார். “இது உன் வேலை” என்று ஒருவர் சொன்னதால்தான் அந்தப் புத்தகம் அவருக்குத் திறந்தது. பெரிய கட்சியில் நூறு பேர் இருக்கிறார்கள். ஒருவர் படிக்காமல் விட்டாலும் வேறொருவர் படித்திருப்பார். மூன்று பேர் உள்ள கட்சியில் அவர் படிக்காவிட்டால் அந்தக் கட்சியே படிக்கவில்லை என்று பொருள். நம் ஊர்ச் சிறு கட்சிகளில் மாவட்டத்துக்கு ஒரு செயலாளர் உண்டு, அணிக்கு ஓர் அமைப்பாளர் உண்டு. இந்த மசோதாவை யார் படித்தார் என்று கேட்டுப் பாருங்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் நொந்துவிட்டது.

ஐயாவுக்கு அவையில் கிடைத்தது நான்கு நிமிடம். நான்கு நிமிடமும் அந்த ‘1’-ஐப் பற்றித்தான் பேசினார். முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்த தேர்தலில் தோற்று ஊருக்குப் போனார். அதன் பிறகும் ஒவ்வொரு பிப்ரவரி மாதக் கடைசியிலும் எனக்கு ஒரு தபால் அட்டை வரும். நலம் விசாரிப்பு எதுவும் இருக்காது. “தம்பி, நம் பாதைக்கு இந்த வருஷம் எவ்வளவு?” என்று மட்டும் எழுதியிருப்பார்.